தொப்பியின் விளிம்பைக் கத்தரிக்கலாமா?

பாலசமுத்திரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டு ஆயா பேத்தியைத் திருமலைக்கு அழைத்துப் போய் வந்தார். கல்யாணக் கட்டாவில் பேத்திக்கு மொட்டை போட்டார்கள். தலையில் சந்தனம் பூசினார்கள். வெயிலுக்காக ஆயா ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார். பழுப்பு நிறம். சுற்றிலும் அகலமான விளிம்பு.

ஊருக்கு வந்தபிறகுதான் தொல்லை தொடங்கியது. முடி வளரும்வரை தொப்பி இல்லாமல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள் சிறுமி. போட்டுக்கொண்டு போனால் விளிம்பு கண்ணை மறைக்கிறது. கரும்பலகை தெரியவில்லை. பக்கத்துப் பிள்ளையின் முகத்திலும் இடிக்கிறது. ஆயா தொப்பியை எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனார்.

"தம்பி, இந்த ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக் கொடு. நூல் பிரிஞ்சிடுமா?"

"பிரியாதும்மா. இதுல நூலே இல்லை. ஆனா வெட்டினது வெட்டினதுதான். மறுபடி ஒட்ட முடியாது. பார்த்துத்தான் வெட்டணும்."

தையல்காரர் சொன்ன இரண்டும் சரி. எப்படி என்று பார்ப்போமா?

இந்தத் தொப்பி ஃபெல்ட் என்ற பொருளால் ஆனது. இடுப்பில் கட்டும் பெல்ட் வேறு, இது வேறு. ஃபெல்ட் தறியில் நெய்த துணி அல்ல. இதில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஆட்டு மயிரைச் சுடுநீரும் சோப்பும் விட்டு அழுத்தி அழுத்தித் தேய்ப்பார்கள். ஒவ்வொரு மயிரிலும் மீன் செதில் போன்ற மிகச் சிறிய செதில்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாது. தேய்க்கத் தேய்க்க ஒரு மயிரின் செதில் அடுத்த மயிரைப் பற்றிக்கொள்ளும். கடைசியில் எல்லாம் இறுகி ஒரே தகடு போல ஆகிவிடும். காஷ்மீரில் நம்தா என்ற விரிப்பை இப்படித்தான் செய்கிறார்கள்.

நம் பக்கத்தில் ஆடு மேய்ப்பவர்கள் தோளில் போடும் கருப்புக் கம்பளியும் ஆட்டு மயிர்தான். ஆனால் அது நூற்று நெய்தது. அதை நடுவில் வெட்டினால் ஓரம் பிரிந்து நூல் நூலாக வரும். மடித்துத் தைக்க வேண்டும். ஃபெல்ட்டுக்கு அந்தக் கவலை இல்லை. வெட்டிய ஓரம் வெட்டியபடியே நிற்கும்.

அகல விளிம்புத் தொப்பி நமக்குப் புதிது அல்ல. கூர்க்கா படைவீரர்கள் சாய்த்துப் போடுவது ஃபெல்ட் தொப்பி. பக்கத்திலே கர்நாடகத்தில் காவலர்கள் நெடுங்காலம் அகல விளிம்புத் தொப்பி போட்டார்கள். ஒரு பக்கம் மேலே மடித்திருக்கும். கூட்டத்தில் ஓடும்போது தலையில் நிற்கவில்லை என்று குறை இருந்தது. 2025ஆம் ஆண்டு அக்டோபரில் அதை மாற்றி, முன்பக்கம் மட்டும் நீண்ட தொப்பி கொடுத்தார்கள். அவர்களுக்கு அரசு மாற்றிக் கொடுத்தது. நாம் கத்தரிக்கோலை எடுக்க வேண்டியதுதான்.

முதலில் தொப்பி எதனால் ஆனது என்று பாருங்கள். கடையில் ஃபெல்ட் என்று விற்பதெல்லாம் ஆட்டு மயிர் அல்ல. பல தொப்பிகள் பிளாஸ்டிக் இழையால் ஆனவை. உள்பக்கத்திலிருந்து சில இழைகளைப் பிய்த்து எடுங்கள். இடுக்கியால் பிடித்து விளக்கில் காட்டுங்கள். ஆட்டு மயிர் என்றால் தலைமுடி கருகும் நாற்றம் வரும். சாம்பலைத் தொட்டால் பொடியாகும். பிளாஸ்டிக் என்றால் உருகிக் கடினமான மணி போல ஆகும். பிளாஸ்டிக் தொப்பியையும் வெட்டலாம். ஆனால் அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கக் கூடாது. உருகிவிடும்.

அடுத்து, விளிம்பின் ஓரத்தை விரலால் நெருடிப் பாருங்கள். சில தொப்பிகளில் ஓரத்தில் கம்பி வைத்து நாடா தைத்திருப்பார்கள். அது தெரியாமல் வெட்டினால் கத்தரிக்கோல் கெட்டுப்போகும். தையலைப் பிளேடால் பிரித்து, நாடாவையும் கம்பியையும் முதலில் எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு வெட்டுவது? இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். தொப்பியைப் போட்டவரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். நெற்றி, காது, பின்கழுத்து மூன்றிலும் நிழல் விழுகிறதா? விளிம்பை மெல்ல மடக்கிப் பிடித்து மறுபடி பாருங்கள். நிழலும் வேண்டும், கண்ணும் தெரிய வேண்டும். நம் சிறுமியின் தொப்பியில் விளிம்பு 4 அங்குலம். அவளுக்கு 2 அங்குலம் போதும் என்று தோன்றியது. அப்படியானால் முதலில் இரண்டரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். போட்டுப் பார்த்துவிட்டு மீதியை வெட்டலாம்.

விளிம்பு நெளிந்திருந்தால் அளவு தவறும். இட்லிப் பானையிலோ கெட்டிலிலோ தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். ஆவியில் விளிம்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். கையில் ஆவி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். விளிம்பு இளகியதும் மேசை ஓரத்தில் வைத்துக் கையால் நீவி விடுங்கள். ஆட்டு மயிர்த் தொப்பி என்றால் ஈரத்துணி போட்டு மேலே இஸ்திரி போடலாம். தண்ணீரில் மட்டும் முக்காதீர்கள். தொப்பி சுருங்கிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே அளவு எடுங்கள்.

தாம்பாளத்தைக் கவிழ்த்து வட்டம் போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். நம் தலை வட்டம் அல்ல, முட்டை வடிவம். முன்னும் பின்னும் நீளம், பக்கத்தில் குறுகல். தொப்பியின் வாயும் அப்படித்தான். வட்டமாக வெட்டினால் முன்னும் பின்னும் விளிம்பு குறையும். காதுப் பக்கம் மட்டும் கூடும். அதனால் தலையை மூடும் கிண்ணப் பகுதியின் அடியிலிருந்துதான் அளக்க வேண்டும்.

தொப்பித் தொழிற்சாலைகளில் இதற்கென்றே ஒரு கருவி உண்டு. கிண்ணத்தை ஒட்டி நகரும் வளைந்த அடிப்பாகம், அளவுகோல், நுனியில் பிளேடு. சுற்றி இழுத்தால் விளிம்பு ஒரே அளவாக அறுபடும். வீட்டில் பழைய காலண்டர் அட்டை போதும். ஓர் அங்குல அகலத்தில் துண்டு வெட்டுங்கள். ஒரு முனையிலிருந்து இரண்டரை அங்குலத்தில் துளை போடுங்கள். அந்த முனையைக் கிண்ணத்தின் அடியில் முட்ட வையுங்கள். துளை வழியே தையல் சுண்ணக்கட்டியால் புள்ளி வையுங்கள். சீவிய சோப்புத் துண்டும் ஆகும். விரல் அகலத்துக்கு ஒரு புள்ளியாகச் சுற்றி வாருங்கள். பிறகு புள்ளிகளைக் கோடாகச் சேருங்கள். அட்டையில் பிளேடைச் செருகி நாமே கருவி செய்யலாம் என்று சிலர் முயல்வார்கள். பிளேடு நழுவினால் விரல்தான் அறுபடும். வேண்டாம்.

வெட்டுவதற்குத் தையல்காரரின் பெரிய கத்தரிக்கோல் நல்லது. காகிதம் வெட்டி மழுங்கியது ஆகாது. முதலில் கோட்டுக்கு வெளியே பின்பக்க விளிம்பில் ஒரு வெட்டு வெட்டி உள்ளே நுழையுங்கள். பின்பக்கம் ஏன்? தொடங்கிய இடமும் முடித்த இடமும் சேரும்போது சிறு படி விழலாம். பின்னால் இருந்தால் கண்ணில் படாது. கத்தரியை ஒவ்வொரு முறையும் முழுதாக மூடாதீர்கள். மூடினால் ஓரம் பல் பல்லாக வரும். முக்கால் மூடி, முன்னே தள்ளி, மறுபடி முக்கால். கத்தரி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இடது கையால் தொப்பியைத் திருப்பிக் கொடுங்கள்.

ஓரத்தில் மேடு பள்ளம் தெரிந்தால் நைசான உப்புத்தாளால் இலேசாகத் தேயுங்கள். தூசி வரும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பெட்டியில் கிடந்த மிகப் பழைய வெளிநாட்டுத் தொப்பி என்றால் தேய்க்கவே வேண்டாம். காரணம் இருக்கிறது. முன்பு முயல் மயிரில் ஃபெல்ட் செய்யப் பாதரசம் கலந்த மருந்தைப் பூசினார்கள். அந்த நஞ்சு மூச்சில் ஏறித் தொப்பித் தொழிலாளர்களுக்குக் கை நடுக்கம் வந்தது. மனமும் கலங்கியது. அமெரிக்காவில் டான்பரி என்ற தொப்பி ஊரின் பெயரையே அந்த நடுக்கத்துக்கு வைத்துவிட்டார்கள். அங்கே 1941இல்தான் பாதரசத்தை நிறுத்தினார்கள். அந்தக் காலத் தொப்பிகளில் இன்றும் அது ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

நம் சிறுமியின் தொப்பிக்கு வருவோம். இரண்டரை அங்குலத்தில் வெட்டியதும் போட்டுப் பார்த்தாள்.

"இப்போ தெரியுதா கண்ணு?" என்று கேட்டார் தையல்காரர்.

"தெரியுது மாமா. ஆனா தலையில் சுத்துது."

முடி இல்லாத தலைக்குத் தொப்பி தளர்வாகத்தான் இருக்கும். வெட்டி எடுத்த வளையத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலிருந்து அரை அங்குல அகலத்தில் ஒரு பட்டை எடுங்கள். தொப்பியின் உள்ளே நெற்றியில் படும் நாடாவைத் தூக்கி, அதன் பின்னால் அந்தப் பட்டையைச் செருகுங்கள். தொப்பி தலையைப் பிடித்துக்கொள்ளும். முடி வளர்ந்து இறுக்கமானதும் உருவி எடுத்துவிடலாம்.