சில்லின் உட்புற ஈரம்

கணவர் விட்டுச்சென்ற பழைய ஓட்டோவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் பிழைக்கும் சகோதரிகளை வன்னியில் அடிக்கடி சந்திக்கிறேன். "ஒயில் ஒழுகுது, ஊத்தி ஊத்தி ஓடுறன்" என்பார்கள். எந்த ஒயில்? அதுதான் கேள்வி.

இரவில் வண்டியின் கீழ் கடதாசி மட்டை விரித்துவையுங்கள். எஞ்சினடியில் கறுப்புத் துளி என்றால் எஞ்சின் ஒயில். மட்டத்தைப் பார்த்து ஊற்றிச் சில நாள் சமாளிக்கலாம். சில்லின் உட்புறம் ஈரமாகி, பிறேக் ஒயில் டப்பாவிலும் மட்டம் இறங்கியிருந்தால், அன்று பிள்ளைகளை ஏற்றவே வேண்டாம். பெரும்பாலும் சில்லுக்குள் இருக்கும் சிலிண்டரின் றப்பர் தேய்ந்திருக்கும். புது றப்பரை மண்ணெண்ணெயில் கழுவ விடாதீர்கள், ஊதிவிடும். ஒயில் பட்ட பிறேக் சூவையும் மாற்றச் சொல்லுங்கள். குழாயிலுள்ள காற்றை எடுத்தபின், மிதி கெட்டியாக நிற்கிறதா என்று நீங்களே மிதித்துப் பாருங்கள். கராஜ்காரர் கோபித்தால் கோபிக்கட்டும்.