குருதிப் புற்றுநோயும் கூடப்பிறந்தவர்களும்



குருதிப் புற்றுநோயால் பீடிக்கப்பட்ட ஒருவரின் குடும்பத்தாரிடம் வைத்தியர் சில வேளை ஒரு கேள்வி கேட்பார். "நோயாளியுடன் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர்?" அதன் பொருள் விளங்கியதும் பல வீடுகளில் ஒரு தயக்கம் குடிகொள்கிறது. முள்ளந்தண்டில் ஊசி ஏற்றுவார்களாம், பிறகு நடக்க இயலாதாம், பிள்ளைப் பாக்கியம் இல்லாமற் போகுமாம் என அயலவர் சொல்லும் கதைகள் அத்தயக்கத்தை அச்சமாக வளர்த்துவிடுகின்றன. அக்கேள்வி ஏன் கேட்கப்படுகிறது என்பதை இன்று சற்று விரிவாக நோக்குவோம்.

எமது குருதியின் செங்குழியங்கள், வெண்குழியங்கள், சிறுதட்டுக்கள் யாவும் என்பு மச்சையிலுள்ள மூலக்கலங்களிலிருந்தே பிறக்கின்றன. தீவிர மைலொயிட் லியூக்கேமியா என்னும் நோயில், முதிர்ச்சியடையாத கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி மச்சையை நிரப்பிவிடுகின்றன. நல்ல குருதி உற்பத்தியாக இடமில்லாது போகிறது. நோயாளி வெளிறிப் போவதும், காய்ச்சல் ஓயாதிருப்பதும், முரசிலிருந்து இரத்தம் கசிவதும் இதனாலேயே. மருந்துச் சிகிச்சையின் மூலம் பலருக்கு நோய் தணிகின்றது. மச்சையில் நோய்க் கலங்கள் நூற்றுக்கு 5 இலும் குறைந்துவிட்டால் அதனைத் தணிவு நிலை என்பர். ஆனால் தணிவு வேறு, சுகம் வேறு. நோய் கண்டறியப்படும் வேளையில் உடலில் ஏறத்தாழ இலட்சம் கோடி நோய்க் கலங்கள் இருக்கலாம். தணிந்த பின்னரும் நுணுக்குக்காட்டிக்குத் தென்படாமல் கோடிக்கணக்கில் எஞ்சியிருக்க இடமுண்டு.

சிலரில் அவை மீண்டும் தலைதூக்கும் ஆபத்து மிக அதிகம். 5 ஆம் அல்லது 7 ஆம் நிறமூர்த்தம் இழக்கப்பட்டவர்கள், பல நிறமூர்த்தங்கள் ஒருங்கே சிதைந்தவர்கள், டீ.பீ.53 என்னும் பரம்பரையலகு பழுதடைந்தவர்கள், முன்னர் பெற்ற புற்றுநோய்ச் சிகிச்சையின் விளைவாக இந்நோய்க்கு ஆளானவர்கள் ஆகியோர் இவ்வகையினர். இவர்களுள் சிகிச்சையைத் தாங்கும் உடல்நிலை உடையோருக்கு, நோய் முதன்முறை தணிந்திருக்கும்போதே பிறர் ஒருவரின் மூலக்கலங்களைச் செலுத்துவதற்கு வைத்தியர்கள் முற்படுகின்றனர்.

பழுதான மச்சையை அழித்துவிட்டு நல்லதை வைப்பதுதான் இச்சிகிச்சை எனப் பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை. மறுபாதியை உலகுக்குக் கற்பித்தவர்கள் ஒத்த இரட்டையர்கள். இரட்டைச் சகோதரரிடமிருந்து கலங்களைப் பெற்றவரின் உடலில் எவ்விதப் பகைமையும் எழுவதில்லை. எனினும் அவர்களிடையேதான் புற்றுநோய் மீள்வது அதிகமெனக் காணப்பட்டது. சற்றே வேறுபட்ட சகோதரரின் வெண்குழியங்களோ எஞ்சிய நோய்க் கலங்களை அந்நியமெனக் கண்டு அழிக்கின்றன. ஆகவே கொடையாளியின் நிர்ப்பீடனமே இங்கு மருந்தாகிறது. அதே மருந்து நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கவும் கூடும். இச்சிகிச்சையின் பெரும் போராட்டம் அதுவே. அதனால் உயிரிழப்போரும் உளர். சிகிச்சையின் பின்னர் நோய் திரும்புவோரும் உளர், விசேடமாக டீ.பீ.53 பழுதடைந்தோரில். இதனை மறைத்து நம்பிக்கையூட்டுவது நேர்மையாகாது.

அமெரிக்காவில் இத்துறைக்கு வழிகோலிய டொனல் தோமஸ் 1990 இல் நோபல் பரிசு பெற்றார். எமது அயல் நாடான இந்தியாவில் 1983 ஆம் ஆண்டு மும்பாய் டாடா நினைவு வைத்தியசாலையில் இச்சிகிச்சை முதன்முதலில் வெற்றியளித்தது. இதே நோய் கண்டிருந்த ஒரு சிறுமிக்கு அவளுடைய சகோதரனே கொடையாளியானான்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். எச்.எல்.ஏ. எனப்படும் கல அடையாளங்களில் ஒரு பாதியைத் தாயிடமிருந்தும் மறுபாதியைத் தந்தையிடமிருந்தும் நாம் பெறுகிறோம். ஆகவே கூடப்பிறந்த ஒருவர் முற்றாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. மூவர் இருப்பின் அவர்களுள் ஒருவராவது பொருந்தும் வாய்ப்பு நூற்றுக்கு 58 அளவில் அமையும். பெற்றோரும் பிள்ளைகளும் எப்போதும் பாதி பொருந்துவர். முன்னர் இது பயன்படாது எனக் கருதப்பட்டது. பின்னர், கலங்களைச் செலுத்திய மூன்றாம், நான்காம் நாட்களில் சைக்ளோபொஸ்பமைட் எனும் மருந்தைக் கொடுத்துப் பகைமையை அடக்கும் முறையை பால்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியர்கள் வளர்த்தெடுத்தனர். இன்று வாப்பாவோ உம்மாவோ கூடக் கொடையாளியாகலாம்.

கொடையாளி செய்ய வேண்டியது என்ன? பெரும்பாலும் நான்கைந்து நாட்கள் தோலின் கீழ் ஓர் ஊசி. அதனால் மூலக்கலங்கள் மச்சையிலிருந்து குருதிக்கு வரும். என்புகள் நோகும், தலையிடிக்கும். பின்னர் சில மணி நேரம் படுத்திருக்க, ஒரு கையிலிருந்து பெறப்படும் குருதி இயந்திரத்தினூடாகச் சென்று மறு கைக்குத் திரும்புகிறது. மச்சையையே எடுப்பதாயின் மயக்க மருந்து கொடுத்து இடுப்பு என்பின் பின்புறத்திலிருந்து எடுப்பர். முள்ளந்தண்டை எவரும் தொடுவதில்லை. கொடுத்தது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். கொடையாளியின் பிள்ளைப் பாக்கியத்துக்கும் இதனால் பங்கமில்லை. (நோயாளியின் நிலை வேறு. அவரது மருந்துகள் மகப்பேற்றைப் பாதிக்கக்கூடும். வெட்கத்தால் இதனைக் கேளாதிருக்கும் பெற்றோர், சிகிச்சை தொடங்குமுன் கேட்பது நன்று.)

மார்க்க அனுமதி பற்றிய ஐயம் சிலருக்கு உண்டு. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி 1988 இல் ஜித்தாவில் கூடி, குருதி, தோல் போன்று தானாக மீண்டும் உருவாகுபவற்றை இன்னொருவருக்கு வழங்கலாம் எனத் தீர்மானித்தது. வழங்குபவர் பூரண தகுதியுடையவராக இருத்தல் அதன் நிபந்தனை. வற்புறுத்தலின் பேரில் தலையசைப்பது சம்மதமாகாது என்பதே எமது கருத்து. குடும்பத்தார் கூடியிருக்கும் அறையில், உம்மாவின் கண்ணீரின் முன்னால், ஓர் இளைஞனால் மறுக்க முடியுமா? இதனாலேயே நோயாளியின் வைத்தியரல்லாத வேறொருவர் கொடையாளியைத் தனியே சந்தித்துப் பேசும் ஏற்பாடு வேண்டும். தயக்கமிருந்தால் அங்கே, அப்போதே சொல்லிவிடலாம். ஏனெனில், கலங்களை ஏற்கும் நாளுக்கு ஒரு வாரமளவு முன்னர் நோயாளியின் மச்சையை அழிக்கும் கடும் மருந்துகள் ஆரம்பமாகின்றன. அதன் பின் கொடையாளி பின்வாங்கினால் நோயாளி குருதியின்றியே இறக்க நேரும்.

புதிய கலங்கள் வேரூன்ற இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லும். அக்காலத்திலும் பின்வரும் பல மாதங்களிலும் நோயாளிக்கு எதிர்ப்பாற்றல் மிகக் குறைவு. நோய் விசாரிப்பதை நன்மையாகக் கருதி வாகனம் பிடித்து வரும் எமது உறவினர் கூட்டம் அவருக்குப் பெரும் ஆபத்து. வாசலில் நின்று துஆச் செய்துவிட்டுத் திரும்புவதே அவருக்குச் செய்யும் உபகாரம். கொடையாளியின் இரத்த வகை வேறாயின் நோயாளியின் இரத்த வகையும் அதற்கேற்ப மாறிவிடும். சிறுவயதில் ஏற்றிய தடுப்பூசிகளின் பயன் பெரிதும் அற்றுப்போவதால், இருபத்தைந்து வயது வாலிபனுக்கும் பச்சிளம் குழந்தைக்குப் போல அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மீண்டும் ஏற்றுவார்கள்.