பனிக்கு அடியில் ஒரு மலைத்தொடர்

1958-இல் சோவியத் ஆய்வாளர்கள் கிழக்கு அண்டார்க்டிகாவின் பனியில் வெடி வைத்து, எதிரொலி திரும்பும் நேரத்தை அளந்தார்கள். சில இடங்களில் எதிரொலி சீக்கிரமே திரும்பியது. கீழே மலைகள்! சுமார் 1,200 கி.மீ. நீளும் கம்பர்ட்சேவ் மலைத்தொடர் அது. மேலே நிற்பவருக்கு வெறும் வெண்பரப்புதான்.

பிற்பாடு ரேடார் வந்தது. ரேடியோ அலை பனியை ஊடுருவிப் பாறையில் பட்டுத் திரும்பும். அப்படி வரைந்த படத்தில் பள்ளத்தாக்குகள் ‘U’ வடிவில் இருந்தன. ஆறு அடியை மட்டும் அறுப்பதால் பள்ளத்தாக்கு ‘V’ போல ஆகும். பனியாறோ பள்ளத்தாக்கையே அடைத்துக்கொண்டு நகரும். அடியில் சிக்கிய கற்களால் உப்புத்தாள் போலப் பக்கங்களையும் தேய்க்கும். கிளைப் பனியாறுகளுக்கு அத்தனை வலு இல்லை. அதனால் அவற்றின் பள்ளத்தாக்குகள் பாதி உயரத்திலேயே தொங்கி நின்றுவிட்டன.

இந்தச் செதுக்கல் தொடங்கியது சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்படியென்றால் மலைகள் இதற்குள் தேய்ந்து தரைமட்டமாகியிருக்க வேண்டாமா? இங்கேதான் சுவாரசியம். பனி வழுக்க அடியில் ஈரம் வேண்டும். குளிர் கடுமையானதும் சிகரங்களில் பனி பாறையோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. அரைப்பதை விட்டுக் காவல் காக்கத் தொடங்கியது.

ஆழமான பள்ளத்தாக்குகளில் மட்டும் இன்றும் நீர் உண்டு. தடித்த பனி பூமியின் உட்சூட்டை எளிதில் வெளியேற விடுவதில்லை. பனியின் அழுத்தம் அந்த நீரை மேட்டை நோக்கியே தள்ளுகிறது. பனி மெலிந்த இடத்தை அடைந்ததும் அது பனியின் அடியில் மீண்டும் உறைகிறது.