எண்ணிப் பார்த்த பின்பே அழியுங்கள்

நமது வியாபாரக் கணக்குகளில் பாதி இன்று கையடக்கத் தொலைபேசிக்குள்ளேயே இருக்கின்றன. மொத்த வியாபாரி தரும் பில், வங்கியில் பணம் வைப்பிலிட்ட சீட்டு, முன்திகதியிட்டுக் கொடுத்த காசோலை என எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக் கொள்கிறோம். தொலைபேசி நிறைந்துவிட்டால் அவற்றைக் கணனிக்கு மாற்றத்தான் வேண்டும். அந்த வேலையில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் மற்றவர்களுக்காவது பயன்படும்.

பெருநாள் வியாபாரம் சூடுபிடித்திருந்த நேரம். எனது புடவைக் கடையில் நிற்கும் தம்பி தொலைபேசியைக் கணனியில் கொழுவி, படங்களைக் கொப்பி செய்யக் கொடுத்தார். சற்று நேரத்தில், "நானா, எல்லாம் வந்திட்டு" என்றார். நானும் தொலைபேசியிலிருந்த படங்களை அழித்துவிட்டேன். இரண்டு மாதங்களின் பின்னர், ஒரு தவணைப் பணம் வந்து சேரவில்லை என்றார் கொழும்பு மொத்த வியாபாரி. கணனியில் தேடினால் அந்த வைப்புச் சீட்டைக் காணவில்லை. வயர் தளர்ந்து, வேலை பாதியிலேயே நின்றிருக்கிறது. வங்கிக்கு அலைந்து கணக்கறிக்கை எடுத்துக் காட்டிய பின்னரே பிரச்சினை தீர்ந்தது.

அதன் பின் நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான்.

முதலில் வயரைக் கவனியுங்கள். மலிவாகக் கிடைக்கும் சில வயர்களில் மின்சாரம் செல்லும் கம்பிகள் மட்டுமே இருக்கும். தகவல் செல்லும் கம்பிகள் இருக்காது. அவற்றால் சார்ஜ் ஏறும், ஆனால் கணனிக்குத் தொலைபேசி தெரியாது. தொலைபேசி பழுது என்று எண்ணிக் கடைக்குக் கொண்டுபோக முன் வயரை மாற்றிப் பாருங்கள்.

அடுத்து, அன்ட்ரொயிட் தொலைபேசியைக் கொழுவியதும் அது பெரும்பாலும் சார்ஜ் ஏற்றும் நிலையிலேயே இருக்கும். திரையின் மேலிருந்து கீழே இழுத்தால் யூ.எஸ்.பி. பற்றிய அறிவித்தல் தெரியும். அதைத் தொட்டு 'ஃபைல் ட்ரான்ஸ்பர்' என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். ஐபோன் என்றால் திரையில் வரும் கேள்விக்கு 'ட்ரஸ்ட்' என்று கொடுக்க வேண்டும். இரண்டிலும் திரைப் பூட்டைத் திறந்து வைத்திருப்பது அவசியம். கெமராவில் எடுத்த படங்கள் 'டி.சி.ஐ.எம்.' என்ற கோப்புறையில் இருக்கும்.

மூன்றாவது, 'கட்' செய்யாதீர்கள், 'கொப்பி' செய்யுங்கள். முடிந்ததும் இரு பக்கத்திலும் எத்தனை கோப்புகள் இருக்கின்றன என்று ஒப்பிடுங்கள். கணனியில் கோப்புறையைத் திறந்தால் அதன் அடியில் எண்ணிக்கை தெரியும். முதலாவது, நடுவிலுள்ளது, கடைசி என மூன்று படங்களையாவது திறந்து பாருங்கள். அதன் பின்னரே தொலைபேசியில் அழிக்கலாம். முக்கியமான பில்களுக்குப் பென் டிரைவில் இன்னொரு பிரதியும் இருக்கட்டும். கணனியும் ஒருநாள் பழுதாகும்.

வயர் இல்லாமலும் அனுப்பலாம். புளூடூத் ஓரிரு கோப்புகளுக்குப் போதும். நூற்றுக்கணக்கான படங்களுக்கு மிக மெதுவானது. வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருங்கிவிடும். பில்லிலுள்ள சிறிய இலக்கங்கள் மங்கிப்போகலாம். 'டொகியுமென்ட்' ஆக அனுப்பினால் படம் அப்படியே போய்ச் சேரும்.

இன்னொரு விடயம். அவசரத்துக்குப் பிறர் கடைக் கணனியில் வட்ஸ்அப்பைத் திறந்தால், வேலை முடிந்ததும் தொலைபேசியில் 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற பகுதிக்குச் சென்று அந்தக் கணனியை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கொள்வனவு விலையும் கடன் விபரமும் மற்றவர் கண்ணில் படக்கூடும்.

காசை வாங்கினால் எண்ணாமல் பெட்டியில் போடுவதில்லை. கணக்குப் படங்களையும் அப்படியே எண்ணிப் பழகுவோம்.