முதல் செலவு சால்டர் கம்பிக்கு

எலெக்ட்ரானிக்ஸ் கற்கத் தொடங்குகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, 'நல்ல சால்டரிங் அயர்ன் எது?' என்றுதான். கையிலிருக்கும் பணத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். சால்டர் கம்பியும் ஃப்ளக்ஸும் மீந்த சில்லறையில் வாங்கப்படும். இந்த வரிசை தலைகீழானது என்பது என் கட்சி. சுமாரான அயர்னும் தரமான கம்பியும் இருந்தால் உறுதியான இணைப்புப் போட்டுவிடலாம். உயர்ந்த அயர்னும் மட்டமான கம்பியும் இருந்தால் திணறத்தான் வேண்டும்.

செம்பு காற்றுப் பட்டாலே மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. சூடேறினால் அது இன்னும் வேகமாக வளரும். அதன்மேல் உருகிய சால்டர் ஒட்டாது. படலத்தைக் கரைத்து விலக்குவது ஃப்ளக்ஸின் வேலை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரத்தைத் தூவித் தேய்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். மின்னணு வேலைக்கான கம்பியின் நடுவிலேயே ரோசின் எனப்படும் பைன் மரப் பிசினால் ஆன ஃப்ளக்ஸ் இருக்கிறது. சூடு பட்டால் சில நொடிகளில் புகைந்து தீர்ந்துவிடும். கம்பியை அயர்ன் முனையில் உருக்கிக் கொண்டுபோய் அப்புகிறவர்களுக்கு இணைப்பு சரியாக வராதது இதனால்தான். ரெசிஸ்டரின் காலும் பலகையின் செம்பு வளையமும் சேரும் இடத்தில் முனையை ஓரிரு நொடி வைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பியைக் காலில் தொட வேண்டும். போதுமான சூடு ஏறியிருந்தால் கம்பி தானாக உருகி, வளையத்தைச் சுற்றி ஓடி, காலில் சற்று ஏறி, உட்குழிந்த சரிவாக நிற்கும். உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை என்று பொருள்.

கம்பியில் எங்கே ஏமாற்று நடக்கும் என்பதும் ஊகிக்கக் கடினமானதல்ல. வெள்ளீயம் காரீயத்தைவிடப் பல மடங்கு விலை. ஆகவே மட்டமான கம்பியில் குறைவது வெள்ளீயம். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை 183 டிகிரி செல்சியஸில் ஒரேயடியாக உருகும், அதே சூட்டில் உறையும். வெள்ளீயம் 40 பங்காகக் குறைந்தால், முழுதும் உருக ஏறக்குறைய 238 டிகிரி வேண்டும். ஆறும்போது 183 வரை கூழாகவே கிடக்கும். அந்த நேரத்தில் கை அசைந்தால் இணைப்பு கெட்டது. புதிதாகப் பழகுகிறவரின் கை அசையத்தானே செய்யும்!

வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் ஸ்டேஷன் இல்லாமல் பலகை கருகிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாதாரண 25 வாட் அயர்ன் சும்மா கிடக்கும்போது தேவைக்கு மேல் சூடேறும், முனை கறுக்கும். 350 டிகிரியை ஒட்டி நிறுத்திவைக்கும் ஸ்டேஷன் வேலையை எளிதாக்கும். நுண்ணிய பாகங்களுக்கு அது வேண்டியதுதான். ஆனால் கால் வைத்த ரெசிஸ்டர், கெபாசிட்டர்களோடு பழகுகிறவருக்கு, முனையை ஈரப் பஞ்சில் துடைத்து உடனே சால்டர் பூசிவைக்கும் பழக்கமே போதும். இரும்பு முலாம் பூசிய முனையை மட்டும் அரத்தால் ராவாதீர்கள். முலாம் போனால் உள்ளிருக்கும் செம்பை உருகிய சால்டர் மெல்லக் கரைத்துவிடும்.

காரீயம் விஷமாயிற்றே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் மின்னணுப் பொருள்களில் அதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஆனால் காரீயம் கொதிப்பது 1,700 டிகிரிக்கு மேல். கண்ணுக்குத் தெரியும் புகை ஃப்ளக்ஸினுடையது. அதுவும் நல்லதல்ல, தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஜன்னலருகே, புகையை விலக்கும் சிறு விசிறியோடு உட்கார வேண்டும். காரீயம் உடலுக்குள் போகும் வழி பெரும்பாலும் கை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. காரீயமில்லாக் கம்பி 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். இணைப்பும் மங்கலாகத் தெரிவதால் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியப் புதியவர் தடுமாறுவார். என்றாலும் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதுவே சரி.

ஆக, 0.8 மில்லிமீட்டர் கம்பிச் சுருள், சிறிது ரோசின் ஃப்ளக்ஸ், தவறாக வைத்ததை உறிஞ்சி எடுக்கச் செம்புப் பின்னல், பிறகு அயர்ன். குழாய் வேலைக்கான அமில ஃப்ளக்ஸ் வேண்டாம், பலகையை அரித்துவிடும். கிட் பெட்டியோடு வரும், கலவை விகிதம் அச்சிடாத கம்பியையும் பலகையில் பயன்படுத்தாதீர்கள்.