மாரிக்காலமும் மோட்டார் வண்டியும்

இலங்கையில் மழை எல்லா இடத்தும் ஒரே காலத்திற் பெய்வதில்லை. மே மாதந் தொடக்கம் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பையும் இரத்தினபுரியையும் கினிகத்தேனை மலைச் சரிவுகளையும் நனைக்கும்போது, யாழ்ப்பாணமும் வன்னியும் மட்டக்களப்பும் வெயிலிற் காய்ந்து கிடக்கின்றன. ஒக்ரோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழையும், டிசம்பர் தொடங்கிப் பெப்ரவரி வரை வாடைக்காற்றோடு வரும் வடகீழ்ப் பருவ மழையுமே வடக்குக் கிழக்கு மக்களின் மாரியாகும். ஆகவே, தம் ஊரில் வெயில் எறிக்கின்றதென்று நம்பிப் புறப்படும் சாரதி, சில மணி நேரத்தில் வேறொரு பருவத்தினுள்ளே புகுந்துவிடுகின்றார். நீண்ட பயணஞ் செய்யும் வண்டி எந்த மாதத்திலும் மழைக்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

மாரி தொடங்கிய முதல் வாரத்தில் ஊர்க் கராஜுகளிற் கூட்டம் பெருகுவதைப் பலரும் கண்டிருப்பர். வைப்பர் ஓடவில்லை என்பார் ஒருவர். பிறேக் இழுக்கின்றது என்பார் இன்னொருவர். காலையில் எஞ்சின் உயிர்க்கவில்லை என்பார் மற்றொருவர். இக்குறைகளை மழை உண்டாக்கவில்லை. அவை கோடை முழுவதும் வண்டிக்குள்ளே இருந்தன. காய்ந்த தெரு அவற்றை மன்னித்தது; நனைந்த தெரு மன்னிப்பதில்லை. வெள்ளம் வருமுன் அணை கட்டுக என்னும் முதுமொழி மோட்டார் வண்டிக்கும் பொருந்துவதே.

முதலிற் கவனிக்கவேண்டியது ரயர். ஒரு தொன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள வண்டி நிலத்தைத் தொடும் இடம் நான்கே நான்கு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவினது. அந்த உள்ளங்கைக்கும் தெருவுக்கும் இடையில் நீர் புகுந்தால், அதனை வெளியேற்றுவதற்கே ரயரின் மேலே தவாளிப்புகள் வெட்டப்பட்டிருக்கின்றன. புதிய ரயரில் அவற்றின் ஆழம் 8 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். தேய்ந்து 1.6 மில்லிமீற்றருக்கு வந்ததும், தவாளிப்பின் அடியிற் குறுக்கே வார்க்கப்பட்டுள்ள சிறு மேடு ரயரின் மேற்பரப்போடு சமமாகிவிடும். அம்மேடு உற்பத்தியாளர் வைத்த எச்சரிக்கை அடையாளம். மழைக்காலத்தில் அதுவரை காத்திராது, 3 மில்லிமீற்றரிலேயே ரயரை மாற்றுவது நன்று.

மொட்டை ரயரோடு வேகமாக ஓடினால் நேர்வது யாது? சில்லின் முன்னே குவியும் நீருக்கு வெளியேற வழியில்லை. அது ரயரை மேலே தூக்குகின்றது. சில்லு நிலத்தை விட்டு நீரின்மேல் வழுக்குகின்றது. அந்நிலையில் சுக்கானைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பிறேக்கை மிதித்தாலும் நில்லாது. 1960களில் நாசா நிறுவனம் விமானச் சில்லுகளைக்கொண்டு நடத்திய ஆராய்ச்சிகளிலே, ரயரின் காற்றழுத்தம் குறையக்குறைய இவ்வழுக்கல் குறைந்த வேகத்திலேயே தொடங்கிவிடுமெனக் கண்டார்கள். மழைக்குக் காற்றைச் சற்றுக் குறைத்துவிட்டால் ரயர் நன்றாகப் பிடிக்கும் என்று சிலர் சொல்வது இதனால் தவறாகின்றது. சாரதியின் கதவருகே ஒட்டப்பட்டுள்ள அட்டவணையிற் குறித்த அளவுக்கு, ரயர் குளிர்ந்திருக்கும் வேளையிற் காற்று அடிப்பதே முறை. மேலதிக சில்லையும் மறத்தலாகாது.

இரண்டாவது, பிறேக். லைனர் தேய்ந்திருக்கின்றதா என்பதைப் பலரும் பார்ப்பிப்பதுண்டு. பிறேக் ஒயிலை நினைப்பவர் சிலரே. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச்சேர அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வரும். கொதித்த எண்ணெயில் ஆவிக்குமிழிகள் தோன்றும். திரவத்தை அமுக்கினால் அழுத்தம் மறுமுனைக்குப் போய்ச் சேரும். ஆவியை அமுக்கினால் அது சுருங்கிவிடும். எனவே மிதியைத் தரைவரை மிதித்தாலும் சில்லு நில்லாது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிறேக் ஒயிலை முற்றாக மாற்றும்படி கராஜிற் சொல்வது வீண் செலவுக்கு வழி தேடுவதன்று.

மூன்றாவது, பார்வை. வைப்பரின் இறப்பர் மழையிற் கெடுவதிலும் பார்க்க வெயிலிற் கெடுவதே அதிகம். கோடையில் இறுகி வெடித்த இறப்பர், முதல் மழையில் நீரைத் துடைக்காமற் கண்ணாடியிற் கோடு கிழிக்கும். அதன் விலை சொற்பம். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தால் துணியால் துடைத்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்து. வண்டியின் குளிரூட்டி காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்தெடுக்குமாதலால், அதனை இயக்கிக் கண்ணாடிப் பக்கம் காற்றைத் திருப்பிவிட்டால் சிறிது நேரத்தில் ஆவி மறையும். குளிரூட்டி இல்லாத பழைய வண்டிகளில் யன்னலைச் சிறிது திறந்துவைத்தல் உதவும்.

மின்சாரப் பகுதியைப்பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். பற்றறியின் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் படிவைச் சுடுநீரூற்றிக் கழுவி, உலரவிட்டு, இறுக்கிப் பூட்டுக. ஒஸ்ரின் ஏ-40 போன்ற பழங்கார்களைப் பேணிவரும் அன்பர்கள், டிஸ்ரிபியூற்றர் மூடியையும் பிளக் வயர்களையும் ஈரமின்றி வைத்திருத்தல் அவசியம். இன்று பெருகியுள்ள ஹைபிரிட் கார்களிலும் மின்சாரக் கார்களிலும் செம்மஞ்சள் நிற உறையிட்ட வயர்கள் உயர் மின்னழுத்தம் பாய்பவை. வெள்ளத்தில் மூழ்கிய அத்தகைய வண்டியை, பயிற்சி பெற்றவர் வந்து பார்க்கும்வரை எவரும் தொட்டுத் திருத்த முயலலாகாது.

இனி ஓட்டும் முறைக்கு வருவோம். நீண்ட வெயிலின் பின் பெய்யும் முதற்றூறலே மிகவும் வழுக்கும். தெருவிற் படிந்திருக்கும் எண்ணெயும் புழுதியும் ரயர்த்தூளும் நீரோடு கலந்து பசைபோற் படர்வதே காரணம். நன்றாகப் பெய்து தெரு கழுவப்பட்ட பின்னர் நிலைமை சற்றுத் திருந்தும்.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் தூரத்தைக் கடக்கின்றது. கண் கண்டதைக் கால் அறிந்து பிறேக்கை மிதிக்க ஒரு செக்கன் ஆகின்றது. மிதித்த பின்னரும், காய்ந்த தெருவில் ஏறக்குறைய 20 மீற்றர் சென்றே வண்டி நிற்கும். நனைந்த தெருவிலோ, நல்ல ரயரோடும் 35 மீற்றர் ஆகலாம். வேகம் இரு மடங்கானால் பிறேக் தூரம் நான்கு மடங்காகும் என்பது இயற்கை விதி. முன்னே செல்லும் வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்குக. அதே கம்பத்தை நீங்கள் அடைவதற்குக் காய்ந்த தெருவில் இரண்டு செக்கனாவது, மழையில் நான்கு செக்கனாவது செல்லவேண்டும். இடைவெளி விட்டால் வேறொருவர் அதனுள் நுழைந்துவிடுவார் என்று அஞ்சுவோர் உளர். அவர் நுழைந்தால் மீண்டும் சிறிது பின்வாங்குக. அதனால் இழப்பது சில செக்கன்களே.

வண்டி நீரின்மேல் வழுக்கத் தொடங்கினால், சுக்கான் திடீரெனக் கையில் இலேசாகும். அவ்வேளையிற் பிறேக்கைப் பலமாக மிதித்தல் கூடாது. சுக்கானை நேராகப் பிடித்து, பெற்றோல் மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்துவிட்டால், வேகங் குறைந்து சில்லு மீண்டும் தெருவைப் பற்றும்.

மாரிக்காலத்திற் சாரதியின் அறிவை மிகவும் சோதிப்பது, தெருவை மூடி ஓடும் வெள்ளம். ‘முழங்காலளவு நீர்தானே, எத்தனை முறை கடந்திருக்கிறோம்’ என்ற எண்ணமே பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கின்றது. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். நான்கு மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றர் அகலமும் உள்ள காரின் அடிப்பரப்பு ஆறு சதுர மீற்றர். நீர் அதன் தளத்துக்கு மேலே பத்துச் சென்ரிமீற்றர் ஏறினால், காரை மேலே தூக்கும் விசை ஏறத்தாழ 600 கிலோகிராம். இன்னும் ஏழெட்டுச் சென்ரிமீற்றர் ஏறினால் ஒரு தொன் எடையுள்ள கார் மிதக்கத் தொடங்கிவிடும். உள்ளே நீர் புகுந்து நிறையுமுன்பே அதனை ஓட்டம் பக்கவாட்டில் இழுத்துச் சென்றுவிடும். கார்த்தளம் நிலத்திலிருந்து ஒரு சாணளவே உயர்ந்தது. ஆகவே, முழங்காலளவு நீர் என்று நாம் இகழ்வதே காரைக் கொண்டுபோகப் போதுமான நீர்.

பெரிய வாகனத்துக்கும் இவ்விதி விலக்கன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கலா ஓயா பெருகியது. பயணிகள் நிறைந்த பஸ் ஒன்று அவ்வெள்ளத்தில் அகப்பட்டு, அதிற் சென்றோர் நெடுநேரம் உயிருக்கு அஞ்சித் தவித்த பின்னரே மீட்கப்பட்டனர். பஸ்ஸின் எடை வெள்ளத்தின் முன் பெரிதன்று. மேலும், கலங்கிய நீரின் கீழே தெரு இருக்கின்றதா, அரித்துச் செல்லப்பட்டுவிட்டதா என்பதைக் கரையில் நிற்பவர் அறியார். ஓடும் வெள்ளம் தெருவை மூடியிருந்தால் வண்டியைத் திருப்புவதே அறிவுடைமை. பயணிகள் அவசரப்படுத்தினாலும் சாரதி மறுக்கவேண்டும். சாரதி துணிந்தால் பயணிகள் தடுக்கவேண்டும்.

ஓட்டமின்றித் தேங்கிய, ஆழமறிந்த சிறு நீரைக் கடக்க நேரிட்டால், முதலாம் கியரில், நிறுத்தாமல், மிக மெதுவாகச் செல்லுக. வேகமாகச் சென்றால் அலை எழும்பி எஞ்சினின் காற்றுக் குழாயினுள் நீர் புகும். காற்றை அமுக்கலாம், நீரை அமுக்கமுடியாது. சிலிண்டரில் நீர் புகுந்த எஞ்சினைச் சுழற்றினால் இணைப்புத்தண்டு வளைந்து எஞ்சின் பாழாகும். எனவே நீரின் நடுவே எஞ்சின் நின்றுவிட்டால், மறுபடி உயிர்ப்பிக்க முயலாமல், ஆட்களைக் கொண்டு தள்ளி வெளியேற்றிக் கராஜுக்கு இழுத்துச் செல்வதே முறை. நீரைக் கடந்த பின் பிறேக்குகள் நனைந்திருக்கும். மெதுவாகச் சென்றுகொண்டே இரண்டு மூன்று தரம் இலேசாக மிதித்து அவற்றை உலர்த்திக்கொள்க.

மலைநாட்டுத் தெருக்களுக்குத் தனியான ஒழுங்குண்டு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. றம்பொடை வழியாகக் கம்பளைக்கு வந்துசேரும்போது அவ்வுயரம் 500 மீற்றருக்குக் கீழே இறங்கிவிடுகின்றது. ஒரு தொன் எடையுள்ள கார் இவ்வாறு இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல், நாற்பது லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வளவையும் பிறேக்குகளே தாங்கவேண்டுமென்று விட்டால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ, அந்தக் கியரிலேயே இறங்குக என்பது பழைய சாரதிகளின் விதி. ஓட்டோமற்றிக் வண்டிகளிலும் தாழ்ந்த கியருக்குரிய நிலை உண்டு. எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூற்றலில் உருளவிடுதல் கொடிய பழக்கம். எஞ்சினை நிறுத்திவிட்டு உருளவிடுதலோ அதனிலுங் கொடிது. பிறேக்குக்கு எஞ்சின் தரும் துணைவலி அற்றுப்போகும், சுக்கான் பூட்டிக்கொள்ளவுங் கூடும்.

தொடர்ந்து பெய்யும் மழையில் மலையும் நகரும். 2014 ஒக்ரோபர் 29இற் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மண் மூடியதை நாம் மறந்துவிடலாகாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக மண்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகின்றது. புறப்படுமுன் அவற்றைக் கேட்டறிக. சரிவிலிருந்து சேற்றுநீர் புதிதாகப் பீறிட்டாலோ, மரங்கள் சாய்ந்து நின்றாலோ, தெருவில் வெடிப்புக் கண்டாலோ அங்கே வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கவேண்டாம். புகார் மூடிய இடங்களில் முகப்பு விளக்கைத் தாழ்த்தியே எரிக்கவேண்டும்; உயர்த்தினால் ஒளி புகாரிற் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும்.

வடக்கிலும் கிழக்கிலும் மலையில்லை, ஆயினும் இருளுண்டு. வயலும் தரவையும் நீரில் மூழ்குங்காலத்திற் கட்டாக்காலி மாடுகள் காய்ந்த இடந்தேடித் தார்த்தெருவில் வந்து படுக்கின்றன. விளக்கில்லாச் சைக்கிளும், குடையை முன்னே சாய்த்து நடப்போரும் எதிர்ப்படுவர். மழைநாளில், முகப்பு விளக்கின் ஒளி எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகமே தகுந்த வேகம். மோட்டார்ச் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் செல்வோர், தெருவின் வெள்ளைக்கோடுகளும் பாலங்களின் இரும்புப் பட்டைகளும் நனைந்தால் வழுக்குமென்பதை நினைவிற் கொள்க.

இவற்றுள் ஒன்றேனும் பெருஞ் செலவை வேண்டுவதன்று. காலையிற் புறப்படுமுன் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, நான்கு சில்லுகளையும் விளக்குகளையும் பார்த்து, பிறேக்கை ஒருமுறை மிதித்து, வைப்பரை ஒருமுறை ஓடவிட ஐந்து நிமிடம் போதும். மழைநாளில் அரைமணி நேரம் முந்திப் புறப்படுவதற்கும் எவரும் காசு கேட்பதில்லை. அனர்த்த வேளையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம், அம்புலன்சுக்கு 1990. ஆனால் அவ்விலக்கங்கள் தேவைப்படாதவாறு ஓட்டுவதே சாரதியின் திறமை. வீட்டில் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்போர் கேட்பது ஒன்றே: பிந்தியாவது வந்து சேருங்கள் என்பதே அது.