மான் உரசு கம்பம்

மான் உரசு கம்பம் என்பது ஆண் மான்கள் தம் கொம்பையும் நெற்றியையும் தேய்த்துக்கொள்ள வரும் என்ற எதிர்பார்ப்பில் மனிதர் நட்டு வைக்கும் மரத்தூண் ஆகும். வட அமெரிக்காவில் வெண்வால் மானை வேட்டையாடுவோர் இம்முறையைக் கையாளுகின்றனர். பழந்தமிழகத்தில் மானை வரவழைக்கப் பழக்கிய மான் ஒன்றையே கட்டி வைத்தனர். அது பார்வை மான் எனப்பட்டது. உரசுவதற்கான தூணோ தமிழகத்தில் மாடுகளுக்காக அறமாக நடப்பட்டது. இன்று இந்தியாவில் மானை வேட்டைக்காக எவ்வகையில் வரவழைத்தாலும் அது குற்றமாகும்.

மான் ஏன் உரசுகிறது?

மானின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. வளரும் காலத்தில் அதன்மேல் இரத்தக் குழாய்கள் நிறைந்த மென்மையான தோல் போர்த்தியிருக்கும். கொம்பு முற்றியதும் இத்தோல் காய்ந்து உரியும். அப்போது ஆண் மான் மரத்திலும் புதரிலும் கொம்பைத் தேய்த்து அதை நீக்கிக்கொள்ளும்.

தோல் நீங்கிய பின்னும் உரசல் நிற்பதில்லை. இனப்பெருக்கக் காலம் முழுவதும் தொடரும். வெண்வால் மானின் நெற்றியில் மணம் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. மரத்தில் நெற்றியைத் தேய்க்கும்போது அந்த மணம் பட்டையில் ஒட்டிக்கொள்ளும். அவ்வழியே வரும் மற்ற மான்கள் அதை முகர்ந்து, முன்னர் வந்தது எந்த மான் என்பதை அறிகின்றன. ஊர் நுழைவாயிலில் உள்ள அறிவிப்புப் பலகைபோல, ஒரே மரத்தைப் பல ஆண் மான்கள் பயன்படுத்துவதும் உண்டு.

செயற்கைக் கம்பம்

இந்த இயல்பை அறிந்த வேட்டைக்காரர்கள், மரங்கள் இல்லாத திறந்த புல்வெளியின் நடுவில் ஒரு கம்பத்தை ஆழமாகப் புதைத்து நிறுத்துகின்றனர். புதிதாக வெட்டிய, மணமுள்ள செடார் போன்ற மரங்களை விரும்பித் தேர்கின்றனர். சிலர் கம்பத்தின்மேல் மானின் சிறுநீர் அல்லது செயற்கை மணப்பொருளைத் தடவுவர். அருகில் தானியங்கிக் கேமராவைப் பொருத்தி, எந்த மான் எந்த நேரத்தில் வருகிறது என்று கவனித்து, வேட்டைப் பருவத்தில் அங்கே காத்திருப்பர்.

இதில் ஓர் ஆபத்தும் உள்ளது. 1967இல் கொலராடோ மாநிலத்தில் முதலில் கவனிக்கப்பட்ட, மான்களை மெலியச் செய்து கொல்லும் மூளைநோய் ஒன்று, நோயுற்ற மானின் எச்சில், சிறுநீர் ஆகியவற்றின் வழியாகவும் பரவுகிறது. அதனால் இயற்கையான மான் சிறுநீரை வேட்டைக்குப் பயன்படுத்த அமெரிக்க மாநிலங்கள் சில தடை விதித்துள்ளன.

தமிழ்நாட்டு மான்கள்

புள்ளிமான், கடமான் இரண்டும் கொம்பு உதிர்க்கும் இனங்கள். இரண்டும் மரத்தில் உரசுபவை. புள்ளிமான்கள் அனைத்தும் ஒரே மாதத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை. எனவே ஒரே கூட்டத்தில் தோல் போர்த்திய கொம்புடனும் முற்றிய கொம்புடனும் ஆண்களைக் காணலாம். ஆண் புள்ளிமான் பின்னங்கால்களில் எழுந்து நின்று, உயரமான கிளையில் முகத்தைத் தேய்த்துக் கண்ணோரச் சுரப்பியின் மணத்தைப் பதிப்பதும் உண்டு.

கோடியக்கரைச் சரணாலயத்தில் வாழும் வெளிமானுக்கு இருப்பது உதிராத கொம்பு. அதற்கு உரித்தெடுக்க வேண்டிய மென்தோல் இல்லை. அது தன் எல்லையைக் கண்ணோரச் சுரப்பியாலும் ஒரே இடத்தில் இடும் புழுக்கைக் குவியலாலும் அடையாளப்படுத்துகிறது.

பார்வை மான்

விலங்குகளையும் பறவைகளையும் ஈர்க்கப் பழக்கி வைத்த விலங்குக்குப் பார்வை, தீவகம் என்னும் பெயர்கள் தமிழில் உண்டு. எயினர் குடியிருப்பில் விளாமரத்தடியில் பார்வை மான் கட்டப்பட்டிருந்ததைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது.

புறநானூற்றின் 320ஆம் பாடல் ஓர் அரிய காட்சியைத் தருகிறது. வேட்டுவன் முற்றத்து நிழலில் அயர்ந்து உறங்குகிறான். அவன் கட்டி வைத்த பார்வைப் பிணையைத் தேடிக் காட்டிலிருந்து தனியே வந்த கலைமான், அதனுடன் கூடி விளையாடுகிறது. அதைக் கண்ட மனைவி, தான் அசைந்தால் கணவன் விழித்துவிடுவான், கலையும் பிணையை விட்டு ஓடிவிடும் என்று அஞ்சி அசையாமல் இருக்கிறாள். மான்தோலில் உலர வைத்த தினையைக் காட்டுக்கோழியும் பிற பறவையும் தின்றபோதும் அவள் எழவில்லை. மானைப் பிடிப்பதற்கென்றே வைத்த வீட்டில், வந்த மானுக்கு இரங்கிய மனத்தையும் அப்பாடல் பதிவு செய்துள்ளது.

ஆவுரிஞ்சு கல்

உரிஞ்சுதல் என்றால் உரசுதல். மேய்ச்சல் நிலத்திலும் நீர்நிலை அருகிலும் மாடுகள் உடலைத் தேய்த்துக்கொள்ள நடப்பட்ட கல்லே ஆவுரிஞ்சு கல். இது ஆதீண்டு குற்றி எனவும் வழங்கும். உண்ணி கடித்த இடத்தையோ கொம்பு எட்டாத முதுகையோ சொறிந்துகொள்ள மாட்டுக்கு இது உதவும். மரபாகச் சொல்லப்படும் முப்பத்திரண்டு அறங்களுள் இதுவும் ஒன்று. வழிப்போக்கருக்குச் சுமைதாங்கி போல, மாட்டுக்கு இது. விலங்கின் உரசும் தேவையைத் தூண்டிலாகப் பயன்படுத்துவது உரசு கம்பம். அதே தேவையை எதையும் திரும்பப் பெறாமல் நிறைவேற்றியது ஆவுரிஞ்சு கல்.

சட்டம்

1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்கு விரிவான பொருள் தருகிறது. கொல்லுதல், பிடித்தல், கண்ணி வைத்தல், பொறி வைத்தல், விரட்டுதல், இரை வைத்து ஈர்த்தல், இவற்றுக்கான முயற்சி ஆகிய அனைத்தும் வேட்டையே. எனவே மான் சாகவில்லை என்பதால் ஒருவர் குற்றத்திலிருந்து தப்ப முடியாது. முதலாம் அட்டவணையிலுள்ள வெளிமானை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. சரணாலயத்துக்குள் வேட்டையாடினாலும் கடும் தண்டனை உண்டு.

புதுக்கோட்டை மாவட்டத்தில்

நார்த்தாமலை, விராலிமலை சுற்றுவட்டாரக் காடுகளில் புள்ளிமான்கள் வாழ்கின்றன. உரசிய மரத்தைக் கொண்டு அவை உலவும் இடத்தை அறியலாம். இளமரத்தின் அடிப்பகுதியில், முழங்கால் உயரத்திலிருந்து மார்பு உயரத்துக்குள் பட்டை கீறி, உள்மரம் வெளுத்துத் தெரிந்தால் அது மான் உரசலாக இருக்கலாம். மாடு உரசிய மரத்தில் பட்டை உரியாமல் வழவழப்பாகி, சேறும் மயிரும் ஒட்டியிருக்கும். இம்மாவட்டத்தில் பரவலாக உள்ள தைலமரம் தானாகவே பட்டை உரிக்கும் மரம். அதை மான் தடம் என்று எண்ணக் கூடாது.

கோடையில் தண்ணீர் தேடி ஊருக்குள் வரும் மான்கள் நாய்களிடமும் சாலையில் வாகனங்களிலும் சிக்குகின்றன. திறந்த கிணறுகளில் விழுவதும் உண்டு. அடிபட்ட மானையோ தாயைப் பிரிந்த குட்டியையோ வீட்டில் வைத்து வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். உடனே வனத்துறைக்குத் தகவல் தர வேண்டும். உரசிய மரத்தைக் கண்டவர், அது எங்கே உள்ளது என்பதைச் சமூக ஊடகங்களில் வெளியிடாமல் இருப்பதும் நல்லது. மாணவருக்கு இயற்கைப் பாடமாக அமையும் அதே தடம், வேட்டைக்காரருக்கு வழிகாட்டியாகவும் அமைந்துவிடும்.